பூட்டியாச்சு மாமா

தங்கச்சி மகன் பல்லேகலயில் ஒரு கம்பெனியில் நெட்வேர்க் வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. போன கிழமை இரவு எட்டரைக்குப் போன் எடுத்தான். "மாமா, புது சுவிட்ச் வந்திருச்சி. இருபத்தி நாலு போர்ட். நாளைக்குக் காலையில பூட்டிருவேன். அரை மணித்தியால வேலை."

நம் ஊர்களில் ஒரு சாமானை அதன் இடத்தில் மாட்டி ஓடவிடுவதற்குப் பூட்டுவது என்றுதான் பேச்சு. ஃபேன் பூட்டுவோம், கமரா பூட்டுவோம், தண்ணீர்க் குழாய் பூட்டுவோம். கதவையும் பூட்டுவோம். இரண்டுக்கும் ஒரே சொல். முப்பது வருடமாகக் கண்டியைச் சுற்றி நான் பார்த்த நெட்வேர்க் கோளாறுகளில் பாதி, முதல் பூட்டைப் பூட்டிவிட்டு இரண்டாவது பூட்டை மறந்ததால் வந்தவை. "அரை மணித்தியாலம் எந்தப் பூட்டுக்கு?" என்று கேட்டேன். அவனுக்கு விளங்கவில்லை. "சாப்பிட்டுட்டு எடு" என்றேன்.

பிறகு பேச்சு பதினொன்றரை வரை போனது. மனைவி இரண்டு தரம் வந்து திண்ணை விளக்கை அணைக்கப் பார்த்தாள். அன்று அவனுக்குச் சொன்னதையும் சொல்ல விட்டுப்போனதையும் இங்கே எழுதுகிறேன். அவனைப் போல இன்னும் பல பிள்ளைகள் இந்த வேலைக்குள் வருகிறார்கள். அவர்களுக்கு யாராவது ஒரு மாமா இருப்பார் என்று நம்பிக்கொண்டிருக்க முடியாது.

சுவிட்ச் என்பது தபால் கந்தோரில் கடிதம் பிரிக்கிற ஆள். எந்த வாசலில் யார் இருக்கிறார் என்று பார்த்துப் பார்த்து மனப்பாடம் செய்துகொண்டு, வந்த கடிதத்தை உரிய வாசலில் மட்டும் போடும். அதற்கு முன் இருந்த ஹப்புக்கு அந்த அறிவு கிடையாது. ஒருவருக்கு வந்ததை எல்லார் வீட்டு வாசலிலும் நின்று சத்தமாக வாசிக்கும். 1990 இல் முதல் ஈதர்நெட் சுவிட்சை விற்பனைக்குக் கொண்டுவந்த கம்பெனிக்குக் கல்பனா என்று பெயர். அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான வினோத் பரத்வாஜ் தன் மனைவியின் பெயரையே வைத்தார். அதற்கு ஏழு வாசல். 1994 இல் சிஸ்கோ கல்பனாவை வாங்கிக்கொண்டது. இன்று உலகம் முழுக்க ஓடுகிற இந்தப் பெட்டிகளின் ஆதியில் ஒரு பெண்ணின் பெயர் இருப்பது எனக்கு எப்போதும் பிடிக்கும். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

புது சுவிட்ச் ஓர் அப்பாவி. பெட்டியைப் பிரித்துக் கரன்ட் கொடுத்தால் போதும், யார் கேபிளைச் சொருகினாலும் பேசும். எல்லா வாசலும் திறந்திருக்கும், எல்லாரும் ஒரே வீட்டுக்காரர். அப்படித்தான் அதைச் செய்திருக்கிறார்கள். வாங்கியவர் "வேலை செய்யவில்லை" என்று திருப்பி அனுப்பக் கூடாதல்லவா? பச்சை விளக்கு எரிந்ததும் மெனேஜர் தோளில் தட்டிவிட்டுப் போய்விடுவார். அந்தப் பச்சை சொல்வது கேபிளின் இரண்டு முனையும் ஒன்றையொன்று கண்டுகொண்டன என்பதை மட்டும். மறுமுனையில் இருப்பவன் யார் என்று அது சொல்லாது.

அதனால் முதல் நாள் அதை எந்த நெட்வேர்க்கோடும் சேர்க்காதே என்றேன். மேசையில் தனியாக வை. பெட்டியோடு வருகிற கொன்சோல் கேபிளை லெப்டொப்பில் சொருகி, வேகம் 9600 என்று வைத்து, அதோடு மட்டும் உட்கார். அது எந்த மென்பொருள் பதிப்போடு வந்திருக்கிறது, அதற்குப் பிறகு திருத்திய பதிப்பு வந்திருக்கிறதா என்று பார். சீரியல் இலக்கத்தைப் பெட்டியிலும் சுவிட்சிலும் திரையிலும் ஒத்துப்பார். விலை மலிவு என்று தெரியாத இடத்தில் வாங்கினால் போலி வரும். 2020 இல் எஃப்-செக்யூர் என்ற பாதுகாப்புக் கம்பெனி இரண்டு போலி சிஸ்கோ சுவிட்சுகளைப் பிரித்துப் பார்த்து அறிக்கை எழுதியது. அவை நல்லபடி ஓடிக்கொண்டுதான் இருந்தன. மென்பொருளைப் புதுப்பித்த அன்றுதான் படுத்துக்கொண்டன.

"புதுசுதானே மாமா, இவ்வளவு சந்தேகமா?" என்றான். அப்போதுதான் என் கதையைச் சொன்னேன். வீட்டிலேயே பலருக்குத் தெரியாத கதை அது.

நான் வேலைக்கு வந்து ஏழெட்டு வருடம் இருக்கும். எல்லாம் தெரியும் என்ற நினைப்பு வருகிற வயது. ஓர் இடத்தில் மூன்றாம் மாடிக்குப் போர்ட் போதவில்லை என்றார்கள். ஸ்டோரில் ஒரு பழைய சுவிட்ச் கிடந்தது. எங்கள் பையன்கள் பரீட்சைக்குப் பழகிய பெட்டி. தூசி தட்டி எடுத்துப் போய்ப் பூட்டினேன். பச்சை எரிந்தது. படியிறங்கித் தேநீர் குடிக்கப் போனேன். கோப்பையை வாயில் வைக்கவில்லை, மேலிருந்து கூப்பிட்டார்கள். மூன்று மாடியிலும் நெட்வேர்க் செத்துவிட்டது.

நடந்தது இதுதான். அந்த வகைச் சுவிட்சுகளில் வீடிபி என்று ஓர் ஏற்பாடு உண்டு. ஒரு நெட்வேர்க்கைத் தனித்தனி அறைகளாகப் பிரிப்பதற்கு வீலேன் என்று பெயர். அந்த வீலேன் பட்டியலை ஒரு சுவிட்சில் மாற்றினால் மற்றவை தாமாகவே அதை எடுத்துக்கொள்ளும். யாருடைய பட்டியல் புதியது என்பதைத் திருத்த எண்ணை வைத்து முடிவு செய்யும். எண் கூடியவன் சொல்வதே சட்டம். பையன்கள் பழகுவதற்காக நூறு தரம் மாற்றி மாற்றி எழுதியதில், ஸ்டோரில் கிடந்த பெட்டியின் எண் ஏறிப்போய் நின்றது. குழுப் பெயரும் எங்கள் நெட்வேர்க்கில் இருந்த அதே பெயர். ஆகவே அது வந்த கையோடு, "என் பட்டியல்தான் புதுசு" என்றது. மற்றவை எல்லாம் தங்கள் பட்டியலைத் துடைத்துவிட்டு அதன் வெற்றுப் பட்டியலை எடுத்துக்கொண்டன. காலை பதினொன்றுக்கு விழுந்தது. எழுப்ப மாலை நான்கரை ஆனது. பழைய பட்டியலை நான் எங்கேயும் எழுதி வைத்திருக்கவில்லை. ஒவ்வொரு மேசையாகப் போய் இது எந்தப் பிரிவு என்று கேட்டுக் கேட்டுத் திரும்பக் கட்டினேன். கேட்டபோதெல்லாம் அவர்கள் பார்த்த பார்வை இருக்கிறதே.

இன்னொன்றும் அன்று படித்தேன். பெட்டியை அழித்துவிட்டோம் என்று ரைட் இரேஸ் கட்டளையைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருப்போம். அது அழிப்பது அமைப்புக் கோப்பை மட்டும்தான். வீலேன் பட்டியல் வேறொரு கோப்பில், ஃபிளாஷ் நினைவகத்தில், அப்படியே கிடக்கும். அதைத் தனியாக அழிக்க வேண்டும். எங்களைப் போலத் திகனயில் இருப்பவனுக்கு இதை விளக்க அதிக நேரம் எடுக்காது. விக்டோரியா நீர்த்தேக்கத்துக்கு அடியில் பழைய தெல்தெனியா இருக்கிறது. 1985 இல் அணை திறந்து, ஊரே தண்ணீருக்குள் போய், மேலே புதுத் தெல்தெனியா வந்துவிட்டது. ஆனால் தண்ணீர் மட்டம் நன்றாக இறங்கினால் பழைய சுவர்கள் தலை நீட்டும். மூடிவிட்டதும் அழித்துவிட்டதும் ஒன்றா?

வீலேன் என்றதும் அவன், "எங்க ஒஃபிஸ் சின்னதுதான் மாமா, எல்லாத்தையும் முதல் வீலேன்லயே விட்டுட்டா என்ன?" என்றான். இந்த இடத்தில்தான் எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. அவன் பாட்டியிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.

நான் பிறந்தது தோட்டத்து லயத்தில். ஒரு பக்கம் ஆறு, மறு பக்கம் ஆறு, பன்னிரண்டு காம்பரா. நடுவில் சுவர் இருக்கும், ஆனால் கூரை ஒன்று. சுவர் கூரை வரை முட்டாது. பக்கத்துக் காம்பராவில் கருவாடு பொரித்தால் நமக்குப் பசிக்கும். புருஷன் பெண்சாதி சண்டை பன்னிரண்டு குடும்பத்துக்கும் கேட்கும். அதெல்லாம் பரவாயில்லை. ஒரு காம்பராவில் குப்பி விளக்குச் சரிந்தால் முழு லயமும் போய்விடும். மலைநாட்டில் லயத் தீ என்று செய்தி வரும்போது ஒரு வீடு எரிந்தது என்று வருவதில்லை, ஒரு வரிசையே எரிந்தது என்றுதான் வருகிறது. காரணம் கூரை.

எல்லாரையும் ஒரே வீலேனில் வைப்பது லயம் கட்டுவதுதான். கணக்குப் பிரிவு, விருந்தாளிக்குக் கொடுக்கிற வைஃபை, வாசல் கமரா, பிரின்டர், சுவிட்சுக்கே உத்தரவு போடுகிற வழி, எல்லாம் ஒரே கூரையின் கீழ். கமரா என்பது யாரும் திரும்பிப் பார்க்காத கணினி. 2016 இல் மிராய் என்ற தீநிரல், கம்பெனி வைத்து அனுப்பிய அறுபது சொச்சம் பெயர் கடவுச்சொல் ஜோடிகளை மட்டும் வரிசையாக முயன்று, உலகம் முழுக்க லட்சக்கணக்கான கமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் ரவுட்டர்களையும் பிடித்தது. அப்படி ஒரு கமரா கெட்டுப்போனால், அடுத்த காம்பரா கணக்குப் பிரிவாக இருக்கக் கூடாது. ஆகவே பிரி. கமராவுக்கு ஓர் அறை, விருந்தாளிக்கு ஓர் அறை, உத்தரவு போடுகிறவருக்குச் சாவியோடு தனி அறை. எந்த அறை எந்த அறையோடு பேசலாம் என்பதை நீ தீர்மானி. முதல் வீலேனில் யாரையும் குடியிருத்தாதே.

கடவுச்சொல் பற்றி அவனுக்குத் தெரியும் என்றான், அதனால் சுருக்கமாக முடித்தேன். பெட்டியோடு வந்ததை மாற்று. டெல்நெட் என்பது திறந்த தபாலட்டை, அதை நிறுத்தி எஸ்எஸ்எச் வை. வலைப்பக்கம் வழியாக நிர்வகிக்கும் வசதி தேவையில்லை என்றால் அதையும் மூடு. நிர்வாகக் கண்காணிப்புக்கான எஸ்என்எம்பியில் பப்ளிக் என்று ஒரு பொதுச்சொல் கிடந்தால் எடுத்துவிடு. கடவுச்சொற்களைக் கோப்பில் மறைக்க ஒரு பழைய வழி உண்டு, அதை ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை இணையத்தில் ஒட்டி ஒரு நொடியில் திருப்பி எடுத்துவிடும். எனேபிள் பாஸ்வேர்ட் என்று போடாமல் எனேபிள் சீக்ரெட் என்று போடு. ஐந்து பேர் வேலை செய்தால் ஐந்து பெயரில் கணக்கு இருக்கட்டும். எல்லாரும் அட்மின் என்ற ஒரே பெயரில் நுழைந்தால், தவறு நடந்த அன்று அந்தத் தவறுக்கு அப்பா அம்மா கிடையாது.

இன்னொன்றை மட்டும் நீட்டிச் சொன்னேன். அவசரத்துக்கான கடவுச்சொல்லை ஓர் உறையில் போட்டு ஒட்டி, கையெழுத்து வைத்து, கம்பெனியின் இரும்பு அலுமாரியில் வை. உன் தலைக்குள் மட்டும் வைத்துக்கொண்டால் உனக்கு மதிப்புக் கூடும் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. என் அப்பா இறந்த அன்று, சடங்கு முடிவதற்குள் நான்கு போன் வந்தது, கடவுச்சொல் கேட்டு.

2018 ஐப் பற்றிப் பேசாமல் திகனக்காரன் எதையும் பேசி முடிக்க முடியாது. மார்ச் 5 ஆம் திகதி இந்த ஊரில் முஸ்லிம் மக்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன, எரிந்தன. அடுத்த நாள் அவசரகாலச் சட்டம், அதற்கடுத்த நாள் முகநூலும் வட்ஸ்அப்பும் வைபரும் தடை. ஒரு கிழமைக்கு மேல் முகநூல் இல்லை. நான் நாற்பது வருடமாகத் தேங்காய் வாங்கிய கடை கரியாகக் கிடந்தது. அந்த மாதக் கடைசியில், கரி வாடை இன்னும் போகாத நாட்களில்தான் சிஸ்கோ ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. மார்ச் 28. ஸ்மார்ட் இன்ஸ்டோல் என்று சுவிட்சில் ஒரு வசதி. ஆள் இல்லாத கிளைக்கு ஒரு புது சுவிட்சை அனுப்பினால், அது தானாகவே தலைமைச் சுவிட்சிடமிருந்து தன் அமைப்பை வாங்கிக்கொள்ளும். நல்ல எண்ணம்தான். ஆனால் உத்தரவு கொடுப்பவன் யார் என்று அது கேட்பதில்லை. 4786 என்ற வாசலைத் திறந்து வைத்துக்கொண்டு, வந்தவர் பேச்சையெல்லாம் கேட்கும். பெட்டியிலிருந்து வரும்போதே அது திறந்திருக்கும். யாரும் திறக்கவில்லை, அதனால் யாருக்கும் மூடத் தோன்றவில்லை.

ஏப்ரல் 6 ஆம் திகதி யாரோ அந்த வாசல்களில் நுழைந்தார்கள். ஈரானில் மட்டும் சுமார் 3,500 சுவிட்சுகளின் அமைப்பு அழிந்தது. உலகம் முழுக்க 2 லட்சம் என்று ஈரானிய அமைச்சு சொன்னது. அழிந்த பெட்டிகளில் எழுத்துகளால் வரைந்த அமெரிக்கக் கொடியும், எங்கள் தேர்தலில் கைவைக்காதே என்ற செய்தியும் இருந்தன. ஈரானில் இருக்கிற ஒரு வங்கிக்காரரோ கடைக்காரரோ அமெரிக்கத் தேர்தலில் என்ன செய்திருக்கப் போகிறார்? யாருடைய கோபமோ, யாருடைய கடையோ எரிகிறது. அன்று அந்தச் செய்தியை வாசித்தபோது எனக்கு வேறு எதுவும் நினைவுக்கு வரவில்லை.

மறுநாள் காலை பஸ் ஏறிக் கண்டிக்குப் போய், நான் பூட்டிய சுவிட்சுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இரண்டில் அந்த வாசல் திறந்திருந்தது. என் கை பட்ட பெட்டிகள். மூன்று வருடமாகப் பச்சை எரிந்துகொண்டிருந்தவை. மூடுவதற்கு ஒரே ஒரு வரி, நோ வீஸ்டேக். ஒரு வரி எழுதாத மூன்று வருடம். 2025 ஓகஸ்டில் அமெரிக்காவின் எஃப்பிஐ மறுபடியும் எச்சரித்தது. ரஷ்ய உளவுத்துறைக்காரர்கள் அதே பழைய ஓட்டை வழியாக இன்னும் நுழைகிறார்கள் என்று. ஏழு வருடம் கழித்து!

அவனிடம் நேரம் என்ன என்று கேட்டேன். பத்தே முக்கால் என்றான். சுவிட்சுக்கும் அதைக் கேட்டுப் பார் என்றேன். நேரம் சொல்லிக் கொடுக்காத சுவிட்ச் ஏதோ ஒரு பழைய வருடத்திலேயே நிற்கும். நம் நாட்டில் இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1996 இல் மின்சாரத் தட்டுப்பாட்டுக்காக நாட்டின் கடிகாரத்தையே முன்னால் தள்ளினார்கள். 2006 சித்திரைப் புத்தாண்டை ஒட்டித்தான் பழைய ஐந்தரைக்குத் திரும்பினோம். அதற்குப் பிறகும் பல வருடம், ஆறு மணித்தியால வித்தியாசத்திலேயே நின்ற பெட்டிகளை நான் பார்த்திருக்கிறேன். ஒரு கடையில் களவு போனது. கமரா ஒரு நேரம் சொன்னது, சுவிட்சின் பதிவு அரை மணித்தியாலம் தள்ளிச் சொன்னது. எது உண்மை என்று நிரூபிக்க முடியவில்லை. நேரம் தவறிய சாட்சியை வக்கீல் இரண்டு கேள்வியில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார். ஆகவே என்டிபி வழியாக எல்லாப் பெட்டிக்கும் ஒரே கடிகாரம். பதிவுகளையும் சுவிட்சுக்குள்ளேயே விடாமல் இன்னொரு கணினிக்கு அனுப்பு. வந்த கள்ளன் முதலில் கிழிப்பது அந்தக் கொப்பியைத்தான்.

சும்மா கிடக்கிற போர்ட்டுகளை என்ன செய்வது? மூடிவிடு. இருபத்து நான்கில் பதினான்குதான் வேண்டும் என்றால் பத்தையும் நிறுத்தி, யாரும் குடியில்லாத ஒரு வீலேனில் தள்ளு. திறந்திருக்கிற போர்ட்டுகளுக்கும் காவல் வை. நல்லவர்கள்தான் அதிகம் கெடுப்பார்கள். வைஃபை வீக் என்று வீட்டிலிருந்து ரவுட்டர் கொண்டுவந்து சொருகுவார் ஒருவர். அது ஊருக்கெல்லாம் தவறான முகவரி கொடுக்கத் தொடங்கும். அதைத் தடுக்க டிஎச்சிபி ஸ்நூப்பிங் இருக்கிறது. மேசைக்கடியில் தொங்குகிற கேபிளைப் பார்த்துப் பாவப்பட்டு, அதன் மறு முனையையும் சுவரில் சொருகுவார் இன்னொருவர். வட்டம் விழுந்துவிடும். ஒரு தகவல் அந்த வட்டத்துக்குள் சுற்றிச் சுற்றிப் பெருகி, நெட்வேர்க்கை மூச்சடைக்க வைக்கும்.

வட்டத்தைத் தடுக்கிற ஸ்பேனிங் ட்ரீ என்ற வழியை 1985 இல் ராடியா பெர்ல்மன் என்ற பெண்மணி கண்டுபிடித்தார். ஆனால் அதற்கும் எல்லை உண்டு. 2002 நவம்பரில் அமெரிக்காவின் பொஸ்டனில் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் என்ற பெரிய ஆஸ்பத்திரி. பல வருடமாகச் சுவிட்சோடு சுவிட்சாகச் சேர்த்துச் சேர்த்து வளர்ந்த நெட்வேர்க், அந்த எல்லையைத் தாண்டியிருந்தது. ஒருநாள் பாரம் கூடியதும் விழுந்தது. நான்கு நாள் அளவில் டொக்டர்மார் பேனையும் கடதாசியுமாக வேலை செய்தார்கள். எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு நடந்ததுதான். அங்கே தகவல் பிரிவுக்குத் தலைவராக இருந்த ஜோன் ஹலம்கா எதையும் மறைக்கவில்லை. எங்கே பிழைத்தது, தான் எதைக் கவனிக்கவில்லை என்று மற்ற ஆஸ்பத்திரிகளுக்கும் பத்திரிகைக்கும் விரிவாகச் சொன்னார். நான் என் மூன்று மாடிக் கதையை இருபது வருடம் ஒளித்து வைத்திருந்தவன். இந்தப் பையனுக்கு அதைச் சொல்லும்போதுதான், இதே பிழையை என்னால் எத்தனை பேர் செய்திருப்பார்களோ என்று உறைத்தது.

கடைசியாகச் சேமிப்பு. சுவிட்சில் நீ எழுதுவதெல்லாம் முதலில் ஓடுகிற நினைவில்தான் இருக்கும். ரைட் மெமரி என்ற கட்டளையால் சேமிக்கச் சொன்னால்தான் நிலைக்கும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கரன்ட் வெட்டினார்கள் அல்லவா? யூபிஎஸ் பட்டரிகள் ஒவ்வொன்றாகச் செத்தன. வருடக்கணக்கில் அணையாமல் ஓடிய சுவிட்சுகள் முதல் தரம் அணைந்து எழும்பின. யார் யார் சேமிக்காமல் விட்டவர்கள் என்று அந்த மாதம் ஊருக்கே தெரிந்துபோனது. நானும் அந்தப் பட்டியலில் ஓர் இடத்தில் இருந்தேன். 2025 பெப்ரவரியில் பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு போய் மாட்டியதில் முழு இலங்கையும் இருண்டது. இப்போதெல்லாம் பையன்களுக்கு நான் சொல்வது, "குரங்கு வருமுன் ரைட் மெமரி அடி."

சுவிட்சுக்குள் சேமித்தாலும் ஒரு பிரதி வெளியே இருக்க வேண்டும். 2023 இல் லங்கா கவர்மென்ட் கிளவுட் என்ற அரசின் கணினித் தொகுதியைப் பணயத் தீநிரல் தாக்கியது. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் போயின. அமைச்சரவை அலுவலகத்துடையதும் அதில் சேர்த்தி. அந்த நாட்களுக்குப் பிரதி இல்லை. பழசாகிவிட்ட மென்பொருளில் ஓடிக்கொண்டிருந்தது. நாட்டுக்கே அப்படி என்றால் பல்லேகலயில் உன் ஒரு பெட்டிக்கு யார் பிரதி எடுத்து வைப்பார்?

"அப்ப நாளைக்கு அரை மணித்தியாலத்துல முடியாது" என்றான். பெருமூச்சு கேட்டது.

"ரெக்கில மாட்ட அரை மணித்தியாலம் போதும். அதுக்கு முன்னுக்கு அரை நாள் மேசையில வை."

மறுநாள் பின்னேரம் மூன்றரைக்குப் போன் வந்தது. "பூட்டியாச்சு மாமா" என்றான். குரல் இறங்கியிருந்தது. என்னடா என்றேன். மீட்டிங் ரூமில் வெளியாட்கள் வந்து சுவர் சொக்கெட்டில் லெப்டொப்பைச் சொருகியிருக்கிறார்கள். ஒன்றும் வரவில்லை. பழைய சுவிட்சில் சொருகினால் உடனே வருமே, புதுசு வாங்கியும் வேலை செய்யவில்லையே என்று மெனேஜர் எல்லார் முன்னாலும் ஏசியிருக்கிறார்.

நான் சிரித்த சத்தத்தில் மனைவி குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.